சின்ன மகளே, நீ பக்கம் வராதே!

மருந்துப் புட்டி, விதை மூட்டை, மோட்டார் ஒயர், கெமிக்கல் பேரல்... நிறம் ஒன்றுதான், பொருள் வேறு வேறு. மறக்காமல் இருக்கச் சில எளிய வழிகள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடியற்காலையில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கம்பெனி பஸ்ஸுக்காக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். பல வீடுகளில் அப்பா விவசாயி, மகன் தொழிற்சாலை ஊழியர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று அப்பா கணக்குப் போடுகிறார். முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று மகன் கணக்குப் போடுகிறார்.

இருவரும் தினமும் நிறங்களைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒருவருக்குத் தெரிந்த நிறத்தின் பொருள் இன்னொருவருக்குத் தெரியாது. மகன் வேலை செய்யும் இடத்தில் மஞ்சள் என்றால் ஒரு பொருள். அப்பா தெளிக்கும் மருந்தில் மஞ்சள் என்றால் வேறு பொருள். விதை மூட்டையில் நீலம் நல்ல சேதி, மருந்துப் புட்டியில் அதே நீலம் அபாயம். இந்தக் குழப்பம் ஒரு நாள் உயிருக்கே வினையாகலாம். அதனால் ஒரு விவசாயி வீட்டுக்குள் வந்து போகும் நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

மருந்துப் புட்டியில் நான்கு நிறங்கள்

நம் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ல் வந்தது. அதன் விதிகள் 1971-ல் வந்தன. பூச்சிமருந்து, பூசணமருந்து, களைக்கொல்லி எதுவானாலும் லேபிளில் சாய்சதுர வடிவில் ஒரு குறி இருக்க வேண்டும் என்பது அந்த விதி. அந்தச் சதுரம் இரண்டு முக்கோணமாகப் பிரிந்திருக்கும். கீழ் முக்கோணத்தில் நிறம். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல்.

சிவப்பு: மிகக் கடுமையான நஞ்சு. மேலே மண்டையோட்டுப் படமும் 'விஷம்' என்ற சொல்லும் இருக்கும்.
மஞ்சள்: கடுமையான நஞ்சு. மண்டையோடு இருக்காது, 'விஷம்' என்ற சொல் இருக்கும்.
நீலம்: நடுத்தர நஞ்சு. 'அபாயம்' என்று இருக்கும்.
பச்சை: குறைந்த நஞ்சு. 'எச்சரிக்கை' என்று இருக்கும்.

உதாரணமாக, மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு. குளோர்பைரிபாஸ் மஞ்சள். மாலத்தியான் நீலம். மேங்கோசெப் பச்சை.

இந்த வரிசை மறக்காமல் இருக்க ஒரு வாக்கியம் போதும்: "சின்ன மகளே, நீ பக்கம் வராதே!" சி என்றால் சிவப்பு, ம என்றால் மஞ்சள், நீ என்றால் நீலம், ப என்றால் பச்சை. கடுமையில் தொடங்கிக் குறைவில் முடிகிறது வரிசை. மருந்து கலக்கும்போது குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாது என்பதையும் அந்த வாக்கியமே நினைவூட்டுகிறது.

நிறத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? எலி போன்ற ஆய்வக விலங்குகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்து, அவற்றில் பாதி இறக்கும் அளவைக் கணக்கிடுகிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. 50 வரை என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. 50, 500, 5,000 என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சுழியம் கூடுகிறது, அவ்வளவுதான். எண் சிறிதானால் நஞ்சு பெரிது என்பதை மட்டும் மாற்றி நினைத்துவிடக் கூடாது. தோல் வழியாக ஏறும் நஞ்சுக்கும் இதேபோல் தனி அளவு உண்டு.

நிறம் சொல்லாத விஷயங்கள்

முக்கோணத்தின் நிறத்தைப் பற்றி விவசாயிகளிடம் மூன்று தவறான எண்ணங்கள் இருக்கின்றன.

முதலாவது, "சிவப்பு என்றால் பூச்சி சீக்கிரம் சாகும்" என்பது. கடைக்காரரிடம் போய், "சிவப்பு முக்கோணம் போட்டதாகக் கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிறம் சொல்வது மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை. பூச்சி எவ்வளவு சாகும் என்பதை அல்ல. நீலமோ பச்சையோ போட்ட மருந்தே உங்கள் பயிரிலுள்ள பூச்சிக்குச் சரியான மருந்தாக இருக்கலாம். அது மட்டுமல்ல, சிவப்பு முக்கோண மருந்துகள் பலவற்றுக்குச் சட்டத் தடைகள் வந்துவிட்டன. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் தெளிக்க 2005-லேயே தடை வந்தது. குருணை மருந்தாகப் பலரும் இட்டுவந்த போரேட்டுக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய சரக்கு வீட்டில் கிடந்தால் அதை எடுத்துப் போடாதீர்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, சொல்கிறபடி செய்யுங்கள்.

இரண்டாவது, "பச்சை என்றால் பயமில்லை" என்பது. பச்சைக்கும் மேலே 'எச்சரிக்கை' என்றுதான் எழுதியிருக்கிறது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை எல்லா நிறத்துக்கும் தேவை. இன்னொன்று, இந்த நிறம் பாலூட்டி விலங்குகளை வைத்துச் செய்த கணக்கு. மீனுக்கும் தேனீக்கும் அதே மருந்து எவ்வளவு கெடுதல் என்பதை இந்த முக்கோணம் சொல்லாது. ஏரிப் பாசனமும் கால்வாயும் உள்ள நம் பகுதியில் தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை எந்த நிற மருந்தானாலும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடக்கூடாது.

மூன்றாவது, புட்டியின் நிறத்தையே முக்கோணத்தின் நிறமாக எடுத்துக்கொள்வது. பச்சை நிறப் புட்டியில் மஞ்சள் முக்கோணம் இருக்கலாம். வெள்ளை டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருக்கலாம். புட்டியின் நிறம் கம்பெனியின் விருப்பம். முக்கோணத்தின் நிறம்தான் சட்டம்.

தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதும் நிறத்தில் இல்லை. அதை லேபிளோடு வரும் துண்டுத்தாளில்தான் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் தமிழும் இருக்கும். கத்தரி, வெண்டை போல ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்துக் கோயம்பேட்டுக்கு அனுப்புகிறவர்கள் மருந்து வாங்கும்போதே இந்த நாள் கணக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: மீதமான மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அந்த நிமிடமே நிறமும் போயிற்று, எச்சரிக்கையும் போயிற்று, மருந்தின் பெயரும் போயிற்று. தெரியாமல் யாராவது குடித்துவிட்டால், என்ன மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சை தர முடியும். களைக்கொல்லிகளில் முறிவு மருந்தே இல்லாதவையும் உண்டு. யாருக்காவது மருந்து ஏறிவிட்டால் நனைந்த துணியைக் கழற்றுங்கள். உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். புட்டியையோ லேபிளையோ கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

விதை மூட்டையில் வேறு கணக்கு

மருந்தில் பச்சை இருப்பதிலேயே குறைந்த ஆபத்து. அதே நினைப்போடு விதை மூட்டைக்கு வந்தால் கணக்கு தப்பும்.

விதை அட்டையின் நிறம் விதையின் தலைமுறையையும் அதற்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்கிறது. பயிர் வல்லுநர் நேரடியாக உற்பத்தி செய்யும் வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை. அதிலிருந்து வரும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதிலிருந்து பெருக்கி விவசாயிக்கு வரும் சான்று விதைக்கு நீல அட்டை. உற்பத்தியாளர் தன் சொந்தப் பொறுப்பில் விற்கும் உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டை.

மஞ்சள், வெள்ளை, நீலம், பச்சை. இதற்கும் ஒரு வாக்கியம்: "மழை வெறித்ததும் நீ பயிரிடு." ம, வெ, நீ, ப. விதைப்புக்குப் பொருத்தமான வாக்கியம் என்பதால் மனதில் நிற்கும்.

நீல அட்டை என்றால் விதைச்சான்றுத் துறை அலுவலர்கள் வயலுக்கே வந்து பார்த்து, பிறகு ஆய்வகத்தில் சோதித்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நெல்லானால் குறைந்தது 98 சதவீதம் சுத்தமும் 80 சதவீதம் முளைப்புத் திறனும் இருக்க வேண்டும். சான்று விதை மூட்டையில் நீல அட்டையோடு உற்பத்தியாளரின் பச்சை அட்டையும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அதனால் பச்சை அட்டையைப் பார்த்ததும் சான்று இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பக்கத்தில் நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை மட்டும் தனியாக இருந்தால் அது உண்மை நிலை விதை. அது மோசமான விதை என்று பொருள் இல்லை. சான்றளிக்கும் துறை அதைப் பார்க்கவில்லை, பொறுப்பு முழுக்க உற்பத்தியாளருடையது என்றுதான் பொருள். அப்படி வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது இன்னும் முக்கியம்.

இலையின் பச்சையை அளக்கும் அட்டை

நெல் வயலில் இன்னொரு நிறக் கணக்கு இருக்கிறது. அதுதான் இலை வண்ண அட்டை. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசிய நாடுகளில் பரப்பிய இந்த அட்டையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. வெளிர்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் இதில் இருக்கும். எண் கூடக்கூடப் பச்சை கூடும்.

நடவு செய்து 14 நாள் கழித்துத் தொடங்கி, பூக்கும் வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். வயலில் பரவலாகப் 10 குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4 என்பது கோடு. 10 இலையில் 6 அல்லது அதற்கு மேல் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரமாக யூரியா இட்டால் போதும். ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையில் பாதி அளவு சரியாக இருக்கும்.

இந்த அட்டையில் ஏமாற்றுவது வெயில். உச்சிவெயிலில் இலை வெளிறித் தெரியும். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், உங்கள் நிழலிலேயே இலையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. ஒருவர் கண்ணுக்கு 3 என்று படுவது இன்னொருவர் கண்ணுக்கு 4 என்று படலாம்.

"வயல் கருகருவென்று இருந்தால்தான் விளைச்சல்" என்ற எண்ணம் இங்கே செலவு வைக்கும். அளவுக்கு மேல் பச்சை கட்டிய நெல்லைத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும். யூரியாவுக்கு ஒரு செலவு, பிறகு மருந்துக்கு ஒரு செலவு. சந்தேகம் இருந்தால் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ அட்டையைப் பார்க்கும் முறையை நேரில் கேட்டுக்கொள்ளலாம்.

மோட்டார் கொட்டகையில் நீலம் நண்பன் அல்ல

மும்முனை மின்சாரத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் சிவப்பு, மஞ்சள், நீலம். எலக்ட்ரீஷியன்கள் ஆர் ஒய் பி என்பார்கள். 'சின்ன மகளே நீ' வரை சொன்னால் இந்த வரிசையும் வந்துவிடும். நியூட்ரல் கறுப்பு. எர்த் பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு.

வீட்டில் வாங்கும் சில மின் சாதனங்களின் ஒயரைப் பிரித்தால் வேறு நிறங்கள் இருக்கும். பழுப்பு மின்சாரம் வரும் கம்பி, நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். இது பல நாடுகளில் உள்ள முறை. தொழிற்சாலையில் வெளிநாட்டு இயந்திரங்களோடு பழகிய மகன், 'நீலம் நியூட்ரல்தானே' என்று நினைத்து ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்தால் என்ன ஆகும்? அங்கே நீலமும் முழு மின்சாரம் ஓடும் கம்பி. இது பரீட்சையில் ஒரு மதிப்பெண் போகிற தவறு அல்ல. அதனால் மோட்டார் கொட்டகையில் நிறத்தை நம்பாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, டெஸ்டரால் ஒவ்வொரு கம்பியையும் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

வரிசை மாறினாலும் பிரச்சினைதான். மூன்றில் ஏதேனும் இரண்டு கம்பி இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். சத்தம் சரியாக இருக்கும், தண்ணீர் மட்டும் குறையும். மோட்டார் காயில் கட்டி வந்த பிறகோ, டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்த பிறகோ தண்ணீர் குறைந்தால், போரில் தண்ணீர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டும் முன் சுற்றும் திசையைப் பாருங்கள். இன்னொன்று, ஒருமுனை நீர்மூழ்கி மோட்டாரிலும் இதே மூன்று நிறக் கேபிள் வரும். அங்கே அந்த நிறங்களுக்கு வேலை வேறு. பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் பேரல்

சிப்காட் பக்கத்தில் இருப்பதால் நம் ஊர்களில் பழைய பிளாஸ்டிக் பேரல்கள் எளிதாகக் கிடைக்கின்றன. தண்ணீர் பிடிக்கவும் ஜீவாமிர்தம் கலக்கவும் மாட்டுக்குக் கழுநீர் வைக்கவும் வாங்கி வருகிறார்கள். பேரல் நீல நிறம் என்பதால் அது தண்ணீர்ப் பேரல் ஆகிவிடாது. பேரலின் நிறம் உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அதில் ஒட்டியிருக்கும் லேபிள்தான் சொல்லும்.

சில பேரல்களிலும் தொட்டிகளிலும் நான்கு கட்டம் கொண்ட சாய்சதுரம் ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் உருவாக்கிய குறி அது. மேலே சிவப்பு, தீப்பிடிக்கும் தன்மை. பார்க்கிறவருக்கு இடப்பக்கம் நீலம், உடல்நலக் கேடு. வலப்பக்கம் மஞ்சள், வெடிக்கும் அல்லது தானாக வினைபுரியும் தன்மை. கீழே வெள்ளை, தனி எச்சரிக்கை. நினைவில் வைக்க: "தலையில் நெருப்பு, இதயப் பக்கம் உடம்பு, வலப்பக்கம் வெடி, காலடியில் குறிப்பு." காலடியில் குறுக்குக்கோடு போட்ட ஆங்கில 'டபிள்யூ' எழுத்து இருந்தால் அந்தப் பொருளில் தண்ணீர் படக்கூடாது.

வெள்ளையைத் தவிர மற்ற மூன்று கட்டங்களிலும் 0 முதல் 4 வரை எண் இருக்கும். இங்கே எண் பெரிதானால் ஆபத்து பெரிது. மருந்தின் நச்சுக் கணக்குக்கு நேர் எதிர். நிறமும் அப்படியே. பூச்சிமருந்தில் மஞ்சள் என்றால் விஷத்தின் அளவு, இந்தச் சதுரத்தில் மஞ்சள் என்றால் வெடிக்கும் தன்மை. அப்பாவும் மகனும் ஒருநாள் உட்கார்ந்து இந்த இரண்டு சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் மின்தடையத்தின் வளையங்களில் பத்து நிறத்துக்கும் எண் தெரிந்துவைக்க வேண்டும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. இதை ஆங்கில வாக்கியத்தில்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதில்லை. "கந்தன் பழம் சிறக்க ஆசையாய் மரத்துக்குப் பக்கத்தில் நீர் ஊற்றச் சால் வெட்டினான்." பழம் என்பது பழுப்பு, பக்கம் என்பது பச்சை. மற்றவை முதல் எழுத்திலேயே தெரியும்.

வாசகர் கேள்விகள்

*கேள்வி: சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது. லேபிளை எப்படிப் பார்ப்பது?*

பதில்: ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். பெண்களில் இது மிகக் குறைவு. நிறத்தைப் பார்க்காமல் மேல் முக்கோணத்தைப் பாருங்கள். மண்டையோடு இருந்தால் சிவப்பு. 'விஷம்' மட்டும் இருந்தால் மஞ்சள். 'அபாயம்' நீலம், 'எச்சரிக்கை' பச்சை. இலை வண்ண அட்டையை வீட்டில் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் ஒயர் வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

*கேள்வி: நீல அட்டை போட்ட நெல் விதை போன வருடம் வாங்கியது மீதம் இருக்கிறது. இந்த நவரைக்கு விதைக்கலாமா?*

பதில்: நீல அட்டைக்கும் ஆயுள் உண்டு. ஆய்வக முடிவு வந்த நாளிலிருந்து 9 மாதம். அட்டையில் தேதி இருக்கும். தேதி கடந்திருந்தால் அட்டையின் நிறத்தை நம்பாதீர்கள். 100 விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து முளைப்பு எண்ணுங்கள். 80-க்குக் குறைந்தால் விதைக்கு வேண்டாம்.

*கேள்வி: பழைய பேரலை நன்றாகக் கழுவிவிட்டால் குடிதண்ணீர் பிடிக்கலாமா?*

பதில்: உணவுப் பொருள் வந்த பேரல் என்று லேபிளில் தெளிவாக இருந்தால் ஒழிய வேண்டாம். பிளாஸ்டிக் சில ரசாயனங்களை உள்ளிழுத்து வைத்திருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. லேபிள் கிழிந்த பேரலைக் குடிதண்ணீருக்கும் மாட்டுத் தண்ணீருக்கும் ஜீவாமிர்தத்துக்கும் பயன்படுத்த வேண்டாம். பூச்சிமருந்து வந்த டப்பாவுக்கும் இதே பதில்தான். அதை ஓட்டை போட்டு, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடாமல், பூச்சிமருந்து வைக்கும் பெட்டியின் மூடியில் "சின்ன மகளே, நீ பக்கம் வராதே" என்று பெயின்டில் எழுதி, பக்கத்தில் நான்கு நிறத்தையும் வரிசையாகத் தீட்டிவிடுங்கள். மோட்டார் பெட்டியின் மூடியில் "இங்கே நீலத்திலும் மின்சாரம்" என்று எழுதுங்கள். எழுதும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தன் கையால் எழுதியதை யாரும் மறப்பதில்லை.